தென்னந்தோட்டத்துக்கும் மரம் இழுக்கும் வேலைக்கும் எந்தச் சிறிய உழவு இயந்திரம் பொருந்தும்?

மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரைப் பக்கத்தில் தென்னையும் மரமுந்திரியும் உள்ள ஐந்து ஏக்கர் காணிக்கு, புல் வெட்டவும் மாரிக் காற்றில் விழும் மரங்களை இழுத்து அப்புறப்படுத்தவும் எத்தனை குதிரைவலு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 24 முதல் 30 வரை போதும். ஆனால் நான்கு சில்லுகளும் இழுக்கும் இயந்திரமாக அது இருக்க வேண்டும்.

படுவான்கரை வயல்களில் உழும் 45, 50 குதிரைவலு இயந்திரங்களைப் பார்த்துவிட்டு, அதில் ஒன்றையே வாங்கலாமே என்று பலர் சொல்வார்கள். 26 அடி இடைவெளியில் நட்ட தென்னை வரிசைக்குள் அவையும் தாராளமாகப் போகும் என்பது உண்மைதான். சிக்கல் முந்திரியின் கீழேதான் தொடங்குகிறது: தாழ்ந்து படரும் கிளைகளில் நிமிர்ந்த புகைக்குழாய் முட்டும். ஆகவே உயரம் குறைந்ததாகவும், ஓட்டுநரைக் காக்கும் பின்புறச் சட்டகம் மடக்கக்கூடியதாகவும் உள்ள இயந்திரத்தைத் தேடுங்கள்; கிளைகளைக் கடந்ததும் சட்டகத்தை மீண்டும் நிமிர்த்திவிட வேண்டும்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த இயந்திரங்கள் சிலவற்றில் புற்றரைக்கான வழுவழுப்பான டயர் இருக்கும். நம் கரையோர மணலில் அது சும்மா சுழலும். ஆழமான பற்கள் கொண்ட அகலமான டயரே உதவும்.

மரம் இழுக்கும் வேலையில் தீர்மானிப்பது எடை. இரண்டடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள பச்சை மாமரத் துண்டு முக்கால் தொன்னைத் தாண்டும். 24 குதிரைவலு இயந்திரங்கள் பலவற்றின் தூக்குதிறனோ 750 கிலோ அளவில்தான் இருக்கிறது, அதுவும் இயந்திரத்தின் பின்னால் உள்ள தூக்கும் கைகளின் நுனியில் அளந்த கணக்கு. எனவே தூக்குவதைவிடத் துண்டாக்கி இழுப்பதே நல்லது. சங்கிலியை எப்போதும் பின்னச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கொழுக்கியிலேயே மாட்டுங்கள். அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், கட்டை ஒரு வேரில் சிக்கிய கணத்தில் முன்சில்லுகள் எழும்பி, இயந்திரம் ஓட்டுபவர் மீதே கவிழ்ந்துவிடும். அடிக்கட்டை கிளப்புவதற்கு ஜேசிபியை ஒரு நாள் வாடகைக்குப் பிடியுங்கள். அந்த ஒரு வேலைக்காகப் பெரிய இயந்திரம் வாங்குவது வீண் செலவு.

புல்வெட்டியைச் சுழற்றும் பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுக்கானதா என்றும், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உதிரிப்பாகம் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். எனக்குப் பிராண்டைவிட இரண்டாவது கேள்வியே முக்கியம். காய்ந்த புல்லும் சருகும் ரேடியேட்டர் வலையை அடைத்து இயந்திரத்தைச் சூடாக்கும் என்பதால், அந்த வலை கையால் கழற்றக்கூடியதாக இருந்தால் பெரிய வசதி.

பாவித்ததை வாங்குவதானால், முதல்நாள் இரவிலிருந்து ஓடாமல் குளிர்ந்திருக்கும் இயந்திரத்தை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பின்கைகளில் ஒரு பாரமான கட்டையைத் தூக்கி இயந்திரத்தை நிறுத்திப் பாருங்கள். கட்டை மெல்லத் தாழ்ந்தால் பரவாயில்லை, ஓரிரு நிமிடத்தில் நிலத்தைத் தொட்டால் ஹைட்ரோலிக் பகுதியைப் பழுதுபார்க்கும் செலவை விலையில் கழித்தே பேசுங்கள்.