மின்சாரமே இல்லாமல், முழுக்க மெக்கானிக்கலாக ஒரு மேசை பேஸ்பால் விளையாட்டை வடிவமைப்பது எப்படி?

கேள்வியில் நீங்கள் சொன்ன திட்டம் இது: 60 செ.மீ. சதுரப் பலகை, ஒன்பது ஃபீல்டர்களுக்கும் தனித்தனி லீவர், மோட்டாரோ பேட்டரியோ கிடையாது, ஃபைனல் இயர் புராஜெக்ட். ஸ்டேடியத்தை சிஏடியில் (கணினி வரைபட மென்பொருளில்) வரைந்து முடித்தாயிற்று, அடுத்து என்ன என்று கேட்கிறீர்கள்.

அடுத்து அந்த ஒன்பது லீவரையும் அழித்துவிடுங்கள்.

நான் பிளாஸ்டிக் மோல்டு டிசைனில் இருப்பவன். பழைய ஜப்பானிய பேஸ்பால் போர்டுகளை வாங்கிப் பிரித்துப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். பேட்டில் நன்றாகப் பட்ட இரும்புக் குண்டு வினாடிக்கு 3, 4 மீட்டர் வேகத்தில் கிளம்பும். உங்கள் பலகையை அது 0.15 முதல் 0.2 வினாடிக்குள் கடந்துவிடும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைவதற்கே 0.2 வினாடிக்கு மேல் ஆகும். ஆக, உங்கள் ஃபீல்டர் லீவர்கள் வெறும் அலங்காரம். பந்து வேலியில் மோதித் திரும்பும்போதுதான் கை லீவரை அழுத்தியிருக்கும்.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அமெரிக்காவில் பிரான்சிஸ் செப்ரிங் என்ற பேஸ்பால் பிட்சர் (பந்து எறிபவர்) 1868-ல் வீட்டுக்குள் ஆடும் பேஸ்பால் விளையாட்டு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் நாணயம் போன்ற ஒரு வில்லையை ஸ்பிரிங் எறியும், இன்னொரு ஸ்பிரிங்கில் இயங்கும் பேட் அதை அடிக்கும், வில்லை மைதானத்தில் உள்ள குழியில் போய் விழும். அவ்வளவுதான். ஜப்பானில் எபோக் நிறுவனம் 1958-ல் தொடங்கியபோது கொண்டுவந்த ‘யாக்யூபான்’ போர்டின் எலும்புக்கூடும் கிட்டத்தட்ட இதேதான். எறிகிற கை, அடிக்கிற கை, விழுகிற குழி. பிட்சருக்கும் பேட்டருக்கும் நடக்கும் சண்டைதான் விளையாட்டு. மூளையையும் காசையும் அங்கேயே போடுங்கள்.

சரி, முதலில் அளவு. நிஜப் பந்தின் விட்டம் 73, 74 மி.மீ. இருக்கும். பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட் 18.44 மீட்டர், நடு வேலி சுமார் 120 மீட்டர். 8 மி.மீ. குண்டை எடுத்துக்கொண்டு அதே விகிதத்தில் சுருக்கினால் பிட்ச் தூரம் மட்டுமே 2 மீட்டர், வேலி 13 மீட்டர் தள்ளிப் போய்விடும். மேசை போதாது, கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டும். மைதானத்தை 60 செ.மீ.க்குள் சுருக்கினால் பந்து சுமார் 0.4 மி.மீ. ஆகிவிடும். ஆகவே தூரத்தைச் சுருக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு நேரத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 150 கி.மீ. வேகப் பந்து பிட்சரின் கையை விட்டு பிளேட்டுக்கு வர ஏறத்தாழ 0.4 வினாடி. மேசையிலும் அதே 0.4 வினாடி இருந்தால் பேட்டரின் வயிற்றில் அதே பதற்றம் வரும். நல்ல போர்டுகளில் பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே உள்ள இடம் விகிதத்துக்கு ஒவ்வாமல் நீளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் பலகையில் அந்த நீளத்துக்கு 35 செ.மீ. ஒதுக்குங்கள். 0.4 வினாடியில் கடக்க வினாடிக்கு 0.9 மீட்டர் வேகம் போதும். அதற்கு ஸ்பிரிங்கே தேவையில்லை, ஒரு சரிவுத் தடம் போதும். வழுக்காமல் உருண்டு இறங்கும் குண்டுக்கு, உயரத்தை மீட்டரில் எழுதி 14-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வந்துவிடும். 6 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 0.92. கச்சிதம். தடத்தில் 3, 4, 6 செ.மீ. உயரங்களில் மூன்று விடுவாய் வைத்தால் மெதுப் பந்து, நடுத்தரம், வேகப் பந்து மூன்றும் கிடைக்கும். 3 செ.மீ. உயரத்துப் பந்து பிளேட்டுக்கு வர 0.54 வினாடி ஆகும். இந்த ஏறத்தாழ 0.15 வினாடி வித்தியாசத்தில்தான் பேட்டர் அவசரப்பட்டுக் காற்றில் வீசுவார்.

ஸ்பிரிங் வேண்டியது பேட்டுக்கு. கடுமையான ஸ்பிரிங்கைப் போட எல்லாருக்கும் கை அரிக்கும், போடாதீர்கள். பேட் 90 டிகிரி சுழல சுமார் 0.05 வினாடி எடுக்கட்டும். முன்னால் அடித்தால் பந்து இடப்பக்கம், தாமதித்தால் வலப்பக்கம் என்று ஆடுபவர் திசையை உணர்வதற்கு இந்த நேரம் தேவை. அதையே 0.02 வினாடியாகக் குறுக்கினால் எங்கே போகும் என்பது அதிர்ஷ்டம் ஆகிவிடும். வேலி வரை போக பலம் போதவில்லை என்றால் பேட்டின் எடையைக் கூட்டுங்கள். 8 மி.மீ. குண்டு 2 கிராம்தான். பேட் 15 கிராம் இருந்தாலே தாராளம், அதற்கு மேல் எடை போட்டு லாபம் இல்லை. பேட் சுழலும் அச்சான பிவட்டில் ஸ்டீல் பின் போட்டு, பேட் போய் நிற்கும் இடத்தில் ரப்பர் ஸ்டாப்பர் வைத்துவிடுங்கள். நான் பிரித்த பழைய போர்டுகளில் முதலில் விரிசல் விடுவது எப்போதும் பிவட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்தான்.

இனி பிட்சரின் திருட்டுத்தனம். இதை ரசித்துச் செய்யுங்கள்.

கர்வ் பந்துக்குப் பலகைக்கு அடியில் காந்தம். பாதையின் பாதியில், இடமோ வலமோ நகர்கிற மாதிரி லீவரில் ஒரு ஃபெர்ரைட் காந்தம் வையுங்கள். அதைவிடப் பல மடங்கு வலுவான நியோடிமியம் வேண்டாம், குண்டை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பலகை அந்த இடத்தில் 3 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால் வளைவு தெரியாது. மெதுவாகப் போகும் குண்டு காந்தத்தின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பதால் அதிகம் வளையும், வேகப் பந்து லேசாகத்தான் விலகும். பிட்சர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எதையும் கூடுதலாகச் செய்யாமலே உங்களுக்கு ஒரு நல்ல விதி கிடைத்துவிட்டது. கடையில் 304 ஸ்டெயின்லெஸ் குண்டைத் தலையில் கட்டிவிடுவார்கள், பளபளவென்று இருக்கும், காந்தம் ஏறக்குறைய கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சாதாரண பால்ரஸ் குண்டு கேட்டு வாங்குங்கள். நாளாக ஆக அதுவும் கொஞ்சம் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், போகட்டும்.

அடுத்தது, எபோக் 1972-ல் கொண்டுவந்த ‘மறையும் பந்து’. அந்தக் காலத்து பேஸ்பால் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) ஒன்றில் வந்த மாயப் பந்தைப் பார்த்துச் செய்தது. ஹோம் பிளேட்டுக்கு முன்னால் தரையில் ஒரு சின்னக் கதவு. பிட்சர் லீவரை அழுத்தினால் கதவு கீழே சாயும், குண்டு பேட்டுக்கு அடியில் புகுந்து போய்விடும். அடிக்கவே முடியாது. இப்படி ஓர் ஆயுதத்தைக் கொடுத்தால் பிட்சர் எல்லாப் பந்தையும் இதையே போட மாட்டாரா? அதற்குத்தான் விதி: பேட்டர் வீசினால் ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்), வீசாமல் விட்டால் அது ‘பால்’, கிரிக்கெட்டின் வைடு மாதிரி பேட்டருக்குச் சாதகம். நான்கு சேர்ந்தால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய முதல் நிலைக்குப் போய்விடுவார். ஒரு கதவும் ஒரு வரி விதியும் சேர்ந்து, அடிப்பதா விடுவதா என்ற தவிப்பைப் பேட்டருக்குக் கொடுத்துவிட்டன. பொம்மை வடிவமைப்பில் நான் பார்த்த சிக்கனமான வேலைகளில் இது ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது சத்தம். கதவு சாயும்போது ‘டக்’ என்று கேட்டால் பேட்டர் காதால் ஆடத் தொடங்கிவிடுவார். கதவு மோதும் இடத்தில் ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். பிட்சரின் லீவர்கள் அத்தனையும் வேலிக்குப் பின்னால், ஒரு மூடிக்குக் கீழே இருக்கட்டும். பிட்சரின் விரல் அசைவது பேட்டர் கண்ணில் பட்டால் விளையாட்டு முடிந்தது.

மைதானக் குழிகளுக்கு வருவோம். குண்டு ஒரு குழியைக் கடக்கும் நேரத்தில் தன் ஆரத்தின் அளவாவது, அதாவது சுமார் 4 மி.மீ., கீழே இறங்கினால்தான் மாட்டும். 14 மி.மீ. குழியை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கடந்தால் 7 மில்லி வினாடி. அதற்குள் கால் மி.மீ.தான் இறங்கும், தாண்டிப் போய்விடும். அரை மீட்டர் வேகத்தில் வந்தால் 28 மில்லி வினாடி, 3.8 மி.மீ. இறங்கும், மாட்டிக்கொள்ளும். அதாவது தட்டிவிட்ட பந்தை இன்ஃபீல்டு (பேட்டருக்கு அருகிலுள்ள பகுதி) குழி ‘கேட்ச்’ பிடிக்கும், விளாசிய பந்து மேலே பறந்து அவுட்ஃபீல்டுக்கு (வேலியை ஒட்டிய பகுதி) போகும். நிஜ ஆட்டத்திலும் நடப்பது அதுதானே? உங்கள் ஒன்பது லீவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் புவியீர்ப்பு செய்துவிடுகிறது. வேலியை ஒட்டித் தரையைக் கொஞ்சம் மேடாக்கினால் பந்து உருண்டு திரும்பி ஏதாவதொரு குழியில் அடங்கும்.

எந்தக் குழி எத்தனை என்பதற்கு நிஜ எண்களைப் பாருங்கள். பத்தில் மூன்று ஹிட் (அடித்துவிட்டு ஓடி, அவுட் ஆகாமல் பேஸ் சேர்வது) அடிக்கிற பேட்டர் நட்சத்திரம். அமெரிக்க மேஜர் லீகில் ஹிட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு சிங்கிள் (ஒரு பேஸ்), ஐந்தில் ஒன்று டபுள் (இரண்டு பேஸ்), டிரிபிள் (மூன்று பேஸ்) நூற்றுக்கு இரண்டு போல, மிச்சம் ஹோம் ரன் (சுற்றி ஹோமுக்கே திரும்புவது). ஆனால் இதைத் துல்லியமாகக் கொண்டுவர மெனக்கெட வேண்டாம். புள்ளிவிவரத் துல்லியம் வேண்டியவர்களுக்கு வேறு வகை விளையாட்டு உண்டு. ஈதன் ஆலன் என்ற முன்னாள் மேஜர் லீக் ஆட்டக்காரர் வடிவமைத்து 1941-ல் வந்த ‘ஆல் ஸ்டார் பேஸ்பால்’ விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வட்டத் தகடு. அவருடைய நிஜச் சாதனைக்கேற்பத் தகட்டில் பங்குகள் பிரித்திருக்கும், முள்ளைச் சுழற்ற வேண்டியதுதான். 1961-ல் வந்த ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ பகடையும் அட்டையும் வைத்து இதையே இன்னும் ஆழமாகச் செய்தது. நம் வகுப்பறை புக் கிரிக்கெட்டின் படித்த அண்ணன்கள். அவற்றில் கைத்திறனுக்கு இடமில்லை, நீங்கள் செய்வதில் அதுதான் எல்லாமே. டிரிபிள் கொஞ்சம் அதிகமாக விழுந்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

கடைசியாக, ரன்னர்கள், அதாவது முன்னால் ஆடி பேஸில் நின்றுகொண்டிருப்பவர்கள்; ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். வீட்டுப் போர்டுகளில் பெரும்பாலும் கையால் நகர்த்துவதுதான். சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் செய்த ஆர்கேட் பேஸ்பால் மெஷின்களில் குட்டி மனிதர்கள் வட்டமாகத் தாங்களே ஓடுவார்கள், ஆனால் அதற்கு மோட்டார் உண்டு. மோட்டார் இல்லாமல் செய்ய ஒரு வழி சொல்கிறேன், வரைந்து பாருங்கள்.

ஒரு வட்டத் தகடு, அதில் 90 டிகிரிக்கு ஒன்றாக நான்கு துளைகள், அடியில் அசையாத தட்டு. துளைகள் நிற்கும் நான்கு இடங்கள்தான் ஹோம், முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ். ஒரு குண்டு என்றால் ஒரு ரன்னர். ஹிட் விழுந்தால் ஹோம் துளையில் ஒரு குண்டைப் போட்டுத் தகட்டைச் சுழற்றுங்கள்: சிங்கிளுக்கு ஒரு கிளிக், டபுளுக்கு இரண்டு, ஹோம் ரன்னுக்கு நான்கு. அடித்தட்டில் ஹோமுக்குச் சற்று முன்னால் ஓர் ஓட்டை வையுங்கள். மூன்றாம் பேஸைத் தாண்டி வரும் குண்டு அதில் விழுந்து ஸ்கோர் குழாயில் அடுக்கிக்கொள்ளும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், அந்த நான்கு ‘பால்’ இலவசப் பயணத்தில். மூன்றாம் பேஸில் மட்டும் ரன்னர் நிற்கும்போது பேட்டர் முதல் பேஸுக்குப் போனால் மூன்றாமவர் நகரக் கூடாது. தகட்டைச் சுழற்றினால் அவர் சும்மா ரன் எடுத்துவிடுவார். விதியை உற்றுப் பார்த்தால் வழி அதிலேயே இருக்கிறது: இந்த இலவசப் பயணத்தால் நிகழ்வது, முதல் பேஸிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் முதலில் காலியாக இருக்கும் பேஸ் நிரம்புகிறது, அவ்வளவே. மூன்றும் நிரம்பியிருந்தால் ஒரு ரன். ஆகவே தகட்டை முதல் பேஸ் பக்கம் சற்று உயரமாகவும் மூன்றாம் பேஸ் பக்கம் தாழ்வாகவும் சாய்த்து வையுங்கள். இரண்டும் எதிரெதிரே இருப்பதால் முதல், இரண்டு, மூன்று என்ற பாதை முழுக்க இறக்கம்தான். முதல் பேஸில் ஒரு குண்டை மெதுவாக விட்டால், நிரம்பிய துளைகளின் மேலாக உருண்டு, முதல் காலித் துளையில் தானே விழும். மூன்றும் நிரம்பியிருந்தால் கடைசிவரை உருண்டு, மூன்றாம் பேஸ் ஓரத்தில் வைத்த வாய் வழியாக ஸ்கோர் குழாய்க்குப் போய்விடும். துளையின் ஆழம் குண்டை விட இம்மியளவு கூடுதலாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் குண்டு தலை நீட்டினால் மேலே வருவது தடுக்கி நிற்கும்.

சிங்கிளில் இரண்டாம் பேஸ் ரன்னர் ஹோம் வரை ஓடுவது, ஒரே பந்தில் இருவர் அவுட்டாகும் டபுள் பிளே எல்லாம் இந்தத் தகட்டில் வராது. விட்டுவிடுங்கள். அவுட், இன்னிங்ஸ் எண்ணுவதற்குக் கையால் திருப்பும் டயல் போதும். ஒன்பது இன்னிங்ஸ் வீட்டில் யாரும் உட்கார்ந்து ஆட மாட்டார்கள், மூன்று வையுங்கள். எபோக் 2015-ல் பந்தை நிஜமாகவே காற்றில் பறக்கவிடும் போர்டையும் செய்துவிட்டது. பார்த்தால் ஆசை வரும், புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முதலில் ஸ்டேடியம் வேண்டாம். ஒரு பிளைவுட் துண்டில் சரிவுத் தடம், 35 செ.மீ. பாதை, பேட் மூன்றை மட்டும் செய்து, பேஸ்பால் தெரியாத நண்பர்கள் கையில் கொடுங்கள். குழியே இல்லாமலும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்றால் மற்றதைத் தொடங்கலாம். அப்போது உங்கள் பேட்டின் நீளத்தையும் எடையையும் இங்கே எழுதுங்கள், ஸ்பிரிங் கம்பியின் தடிமனைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.