பிள்ளைகளாக வாழ்வது: வாசகர் கேள்விகள்

கேள்வி: 'பிரியமான பிள்ளைகளைப்போல தேவனைப் பின்பற்றுங்கள்' என்கிறார் பவுல். கோபத்தைக்கூட அடக்கத் தெரியாத எனக்கு இது முடிகிற காரியமா?

பதில்: எபேசியர் 5:1 'ஆதலால்' என்றுதான் தொடங்குகிறது. முந்தின வசனத்தைப் பாருங்கள்: தேவன் உங்களுக்கு மன்னித்ததுபோல நீங்களும் மன்னியுங்கள். அன்பு முதலில் வந்துவிட்டது, பின்பற்றுவது அதற்கப்புறம்தான். யார்மேல் கோபமோ, அவர் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு அவரிடம் பேசப் போங்கள். இன்றைக்கு அது போதும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் கிறிஸ்தவன். பரம்பரை விசுவாசிகள் நடுவே இரண்டாந்தரப் பிள்ளைபோல உட்கார்ந்திருக்கிறேன்.

பதில்: உங்களை அப்படி உணரவைத்தது சபையின் தவறு, உங்களுடையதல்ல. ரோமர் 8:15-இல் பவுல் 'புத்திரசுவிகாரம்' என்கிறார். தத்தெடுப்பு என்று அர்த்தம். ரோமச் சட்டப்படி தத்துப்பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையைப் போலவே பெயரும் சொத்துரிமையும் உண்டு. கி.பி. 57 வாக்கில் அந்த நிருபம் ரோமுக்குப் போனபோது அரியணையில் இருந்தவர் நீரோ. கி.பி. 50-இல் அவருக்கு முந்தின பேரரசர் கிளவுதியு தத்தெடுத்ததால்தான் அவர் அங்கே வந்தார். 'தத்து' என்றால் எவ்வளவு பெரிய உரிமை என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. நான்கு தலைமுறைக் கிறிஸ்தவரும் இதே தத்தெடுப்பால்தான் பிள்ளையானார். தேவனுக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது.

கேள்வி: எனக்கு வந்த நோய் தேவன் கொடுத்த தண்டனையா?

பதில்: பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் இதையேதான் கேட்டார்கள். அவன் பாவமுமல்ல, பெற்றவர்கள் பாவமுமல்ல என்றார் இயேசு (யோவான் 9:3). மருந்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் அப்பா குடித்துவிட்டு அடிப்பார். தேவனை 'அப்பா' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

பதில்: கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள், தங்கச்சி. 'கர்த்தாவே' என்று கூப்பிட்டாலும் அவர் கேட்கிறார். 'தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன்' என்றும் அவர் சொல்லியிருக்கிறார் (ஏசாயா 66:13), அங்கிருந்து தொடங்குங்கள். நம் வீட்டில் புழங்கும் 'அப்பா'வைப் போலவே ஒலிக்கும் ஓர் அரமேயச் சொல் (அரமேயம் இயேசு பேசிய மொழி) புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது. அதில் இயேசுவின் வாயிலிருந்து வருவது ஒரே இடம், சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் (மாற்கு 14:36). மரணத்துக்கேதுவான துக்கத்தோடு, தரையில் விழுந்து சொன்ன வார்த்தை அது. சந்தோஷமான வீட்டில் வளர்ந்தவர்கள் மட்டும் சொல்லும் சொல் அல்ல. அப்புறம், வீட்டில் இன்னமும் அடி விழுகிறதென்றால் ஜெபத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். பொறுத்துப்போவதுதான் விசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.