கரடியின் தூக்கம் கடலோடிக்குக் கட்டுமா?

கேள்வி: மாரியில் கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் தொழில் இல்லை. குளிர்நாட்டுக் கரடி மாதக்கணக்கில் சாப்பிடாமல் தூங்குகிறதே, அந்த வரம் மனிதனுக்கு ஏன் இல்லை? அடுப்புச் செலவாவது மிஞ்சுமே!
- கடற்றொழிலாளி ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: மிஞ்சாது. 60 கிலோ ஆள் அசையாமல் படுத்துக் கிடந்தாலும் நாளொன்றுக்குச் சுமார் 1,400 கலோரி எரியும். 90 நாளுக்கு 1,26,000. ஒரு கிலோ உடற்கொழுப்பில் 7,700 கலோரி என்று வைத்தால், 16 கிலோ கொழுப்புக் கரைய வேண்டும். வலை இழுத்து முறுகிய உடம்பில் அவ்வளவு ஏது?

அலாஸ்காக் கருங்கரடி உறங்கும்போது இந்த எரிப்பை நாலில் ஒன்றாகக் குறைத்துவிடும். ஆனால் உடல் வெப்பம் 30 பாகைக்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. நாம் எவ்வளவு ஆழ்ந்து தூங்கினாலும் எரிப்பு கொஞ்சம்தான் குறையும்.

கொழுப்பைக்கூட எப்படியாவது ஏற்றிவிடலாம். ஆளை முதலில் கவிழ்ப்பது தண்ணீர். கழிவு யூரியாவை வெளியேற்ற நம் சிறுநீரகத்துக்கு நாளுக்கு அரை லீற்றர் சிறுநீராவது வேண்டும். மூச்சிலும் தோலிலும் போவது வேறு. கொழுப்பு எரிந்து கிடைக்கும் தண்ணீரோ 200 மில்லிலீற்றர்கூட வராது. ஒரு வாரம் தாண்டுவதே பெரும்பாடு. கரடி மாதக்கணக்கில் சிறுநீர் கழிப்பதில்லை. யூரியாவின் நைதரசனைத் திரும்ப எடுத்துப் புரதமாக்கிக்கொள்கிறது. அதனால்தான் எழும்பும்போது தசை அவ்வளவாக வற்றியிருக்காது. நம்மவர் ஒரு மாதம் கட்டிலோடு கிடந்தால் கால் சூம்பும், எலும்பு மெலியும், கால் நாளத்தில் இரத்தம் கட்டும்.

உடம்பைக் குளிரவிட்டு எரிப்பைக் குறைக்கலாமே என்றால், அங்கே இதயம் மறிக்கிறது. 35 பாகைக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. 32ஐ ஒட்டி நடுக்கம் நின்றுவிடும். சுகமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், உடம்பு கைவிட்டுவிட்டது என்று பொருள். 28ஐ ஒட்டி இதயம் தாளம் தப்பித் துடிதுடித்து நிற்கக்கூடும். ஆர்ட்டிக் தரை அணிலின் உடம்போ பூச்சியத்துக்கும் கீழே, மறை 2.9 பாகைவரை போய் மீள்கிறது. அதன் இதயம் அதற்கென்றே வார்த்தது.

இன்னொன்று: இந்தத் தூக்கத்துக்குக் காரணம் குளிர் என்று நினைப்பதே பிழை. பட்டினிதான் காரணம். மடகாஸ்கரில் கொழுத்த வால் குள்ள லெமூர், நம்மையும் குரங்கையும் போலவே முதனி இனம், வறட்சிக் காலத்தில் ஏழு மாதம்வரை மரப்பொந்தில் கிடக்கிறது. பொந்துக்குள் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டினாலும் எழும்பாது. வால் கொழுப்புத்தான் சாப்பாடு. நம் காட்டுக் கரடியைப் பாருங்கள்: கறையானும் பாலைப்பழமும் கிடைக்கிறபோது அது ஏன் மாதக்கணக்கில் தூங்க வேண்டும்? மனிதன் பிறந்த ஆபிரிக்க வெப்பநிலத்திலும் அந்தத் தேவை வரவில்லை. குளிர்நாட்டுக்கு ஏறிப்போனவனும் தூக்கத்தைக் கற்கவில்லை. நெருப்பையும் தோலுடையையும் கொண்டுபோனான், தீனியைக் காயவைத்துக் கட்டிவைத்தான். உங்கள் வீட்டுப் பரணில் கருவாட்டுப் பெட்டி இருப்பதும் அந்த வழிதான்.

உப்புவெளியிலேயே நெடுந்தூக்கம் பார்க்க ஆசையா? மாரியில் தேடாதீர்கள். ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மதில் நிழலைப் பாருங்கள். நத்தை ஓட்டு வாயை வெள்ளைச் சவ்வால் அடைத்துக்கொண்டு ஒட்டிக் கிடக்கும். முதல் மழை விழுந்த இரவே உங்கள் கீரைப் பாத்தியில் நிற்கும்.