மூடிய ஆலைகளையும் சுரங்கங்களையும் கலையின் வழியே கொண்டாடுவது எப்படி?

ஒரு பகுதியின் பழைய ஆலைகளையும் சுரங்கங்களையும் ஓவியத்தாலும் ஒளிப்படத்தாலும் கொண்டாட முற்படும்போது, அது வெறும் அழகுபடுத்தலாக முடிந்துவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தொழிற்கூடங்களைப் படமெடுப்பதில் நெடுநாள் ஈடுபாடு கொண்டவன் என்ற முறையில் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அங்கே உழைத்த ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்று, தாம் செய்த வேலையை அதில் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அவருக்கு அது அந்நியமாகத் தெரிந்தால், மற்றவர்கள் எவ்வளவு பாராட்டினாலும் அதில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்றே கொள்வேன்.

ஜெர்மானிய ஓவியர் அடால்ஃப் மென்ஸல் 1872 முதல் 1875 வரை தீட்டிய இரும்பு உருட்டாலை ஓவியம் இந்த அளவுகோலுக்கு நல்ல சான்று. அவர் காட்டுவது அன்றைய மேல் சிலேசியாவின் கோனிக்ஸ்ஹூட்டே ஊரிலிருந்த ஆலை. அவ்வூர் இன்று போலந்தில் கோஷூஃப் என்ற பெயரில் இருக்கிறது. ஓவியத்தின் நடுவே, பழுக்கக் காய்ந்த இரும்பை உருளைகளுக்குள் செலுத்தும் தொழிலாளர்கள் உடலை வளைத்து நிற்கிறார்கள். ஆனால் ஒரு பக்கத்தில் வேலைமுறை முடிந்தவர்கள் உடம்பைக் கழுவிக்கொண்டிருப்பதையும், இன்னொரு மூலையில் சிலர் கூடையில் வந்த உணவை அவசரமாக உண்பதையும் மென்ஸல் விடவில்லை. ஆலைக்குள் நேரில் சென்று ஏராளமான கோட்டோவியங்களை வரைந்து பார்த்தவரால்தான் அந்த மூலைகளைக் கவனிக்க முடியும். வெறும் தீப்பிழம்பு மட்டும் போதும் என்று நினைப்பவர் அங்கே நேரம் செலவிட வேண்டியதில்லை.

ஒளிப்படத்துக்கு வருவோம். பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் இணையர் 1959 முதல் ஜெர்மனியின் ரூர், ஸீகன் பகுதிகளிலும் பின்னர் வேறு நாடுகளிலும் ஊதுலைகள் (இரும்புத் தாதை உருக்கும் பெரிய உலைகள்), நீர்க்கோபுரங்கள், எரிவாயுக் கலன்கள், சுரங்கத்தின் மேல் நிற்கும் சக்கரக் கோபுரங்கள் ஆகியவற்றைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தார்கள். நிழல் விழாத மேகமூட்டமான வானம், பெரிய அளவு ஃபிலிம் கொண்ட கேமரா, சற்று உயரமான இடத்திலிருந்து நேர் எதிரான பார்வை, கறுப்பு வெள்ளை என்று அவர்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு எல்லாப் படங்களுக்கும் பொருந்தியது. ஒரே வகைக் கட்டுமானங்களின் படங்களைக் கட்டம் கட்டமாக அருகருகே வைத்தபோது, எல்லாம் ஒன்றுபோல் இருப்பதாகப் பொதுமக்கள் கடந்து சென்ற கோபுரங்கள் ஒவ்வொன்றும் தன் வேலைக்கேற்பத் தனி உருவம் பெற்றிருப்பது புலப்பட்டது. 1990ஆம் ஆண்டு வெனிஸ் கலைக் கண்காட்சியில் இந்த ஒளிப்படங்களுக்குச் சிற்பப் பிரிவின் தங்கச் சிங்கம் விருது வழங்கப்பட்டது என்பது, அவை எப்படிப் பார்க்கப்பட்டன என்பதற்குப் போதுமான சான்று. இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. டார்ட்முண்ட் நகரின் ஸோலர்ன் நிலக்கரிச் சுரங்கத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகும் கண்ணாடியும் கொண்டு எழுப்பிய இயந்திரக்கூடம் இடிக்கப்படவிருந்த நிலையில், கலைத்துறையினர் அதற்காகக் குரல் கொடுத்தார்கள். 1969ஆம் ஆண்டு அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாயிற்று. இன்று அங்கே அருங்காட்சியகம் இயங்குகிறது. அரண்மனைகளுக்கும் தேவாலயங்களுக்கும் மட்டும் உரியதாக இருந்த மரபு என்ற தகுதி, ஓர் இயந்திரக்கூடத்துக்கும் கிடைத்தது.

இருப்பினும் பெக்கர் இணையரின் படங்களில் மனிதர்கள் இல்லை. அவர்களுடைய நோக்கத்துக்கு அது சரியான தேர்வு என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த வழியைப் பின்பற்றிய பலர், ஆளில்லாத கூடங்களின் துருவையும் உடைந்த கண்ணாடியையும் மட்டும் அழகாக எடுத்துவிட்டு அதையே தொழில் மரபு என்று காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. துரு என்பது வேலை நின்றபின் வருவது. வேலை எப்படி நடந்தது என்பதை அது சொல்லாது.

இதற்கு விடையாக நான் எப்போதும் சுட்டுவது இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்திலுள்ள ஆஷிங்டன் ஊரைத்தான். 1934ஆம் ஆண்டு அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் மாலைநேரக் கலை வகுப்பு ஒன்றைத் தொடங்க, ராபர்ட் லயன் என்ற ஆசிரியர் பாடம் நடத்த வந்தார். புகழ்பெற்ற ஓவியங்களின் படங்களைக் காட்டி விளக்குவது பயன் தரவில்லை என்று கண்ட அவர், நீங்களே வரைந்து பாருங்கள் என்றார். வீட்டுச் சுவருக்குப் பூசும் சாயத்தையும் கையில் கிடைத்த பலகைகளையும் கொண்டு அவர்கள் வரையத் தொடங்கினார்கள். தாழ்வான நிலக்கரிப் படுகையில் ஒருவர் எப்படி உடலைக் கிடத்திக்கொண்டு வெட்டுகிறார், வண்டியிழுக்கும் மட்டக்குதிரை எங்கே நிற்கிறது, மேலே வந்தபின் தோட்டத்திலும் வீட்டிலும் பொழுது எப்படிக் கழிகிறது என்பவையெல்லாம் அவற்றில் இருக்கின்றன. சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கிய ஆலிவர் கில்போர்ன், தம் வாழ்நாள் உழைப்பையே ஓர் ஓவிய வரிசையாக வரைந்து வைத்தார். வெளியிலிருந்து வரும் எந்தத் திறமையான கலைஞருக்கும் அந்த உடல் நிலைகள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நிலக்கரித் தூசு நுரையீரலைக் கெடுத்ததையும், கூரை சரிந்து ஆட்கள் மாண்டதையும் அறிந்தவர்கள் தங்கள் தொழிலை மதித்து வரைந்தார்கள் என்பதால் அந்த மதிப்புக்குக் கனம் கூடுகிறது. அந்த ஓவியங்கள் இன்று ஆஷிங்டனிலேயே, 1981ஆம் ஆண்டு மூடப்பட்ட வுட்ஹார்ன் சுரங்கத்தின் வளாகத்திலுள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன.

காட்சிப்படுத்தும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985ஆம் ஆண்டு நின்றுபோன இரும்பாலையை இடிக்காமல், பீட்டர் லாட்ஸின் வடிவமைப்பில் 1990களில் பொதுப் பூங்காவாக மாற்றினார்கள். அதன் ஊதுலைகளின் மீது ஜொனாதன் பார்க் அமைத்த வண்ண ஒளி இரவில் மக்களை ஈர்க்கிறது. வேலை நடந்த இடத்திலேயே கலையும் இருப்பதால், ஊர்க்காரர் அதைப் பார்க்க வேறொரு நகரத்தின் கூடத்துக்குப் போக வேண்டியதில்லை.

உங்கள் முயற்சிக்கு என் ஆலோசனை இவ்வளவுதான். ஆலை மூடும்வரை காத்திருக்காமல், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே படமெடுக்கத் தொடங்குங்கள். ஒவ்வோர் இயந்திரத்தையும் அதை இயக்கியவர் என்ன பெயரால் அழைத்தார், எந்தக் கை எந்தப் பிடியில் இருந்தது, எந்த ஓசை கேட்டால் அபாயம் என்று உணர்ந்தார் என்பதைக் கேட்டு, படத்துடனேயே எழுதி வையுங்கள். குறிப்பில்லாத படம் ஒரு தலைமுறைக்குப் பின் எந்த ஆலை என்று கூடத் தெரியாமல் போகும். முன்னாள் தொழிலாளர்களின் பெட்டிகளில் இருக்கும் குழுப் படங்களையும் பிரதியெடுத்துச் சேருங்கள். அவர்கள் ஒப்புதலுடன் மட்டும் காட்சிக்கு வையுங்கள். கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் உரிமையாளரின் அனுமதியின்றி நுழைய வேண்டாம், ஏனெனில் தளம் இற்றுப்போயிருக்கலாம், பழைய வெப்பக் காப்புகளில் நுரையீரலுக்குக் கேடான கல்நார் இருக்கலாம். கண்காட்சி திறப்பதற்கு முன் படங்களை அங்கே வேலை செய்தவர்களுக்குக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்து முடித்த பிறகே அழைப்பிதழை அச்சிடுங்கள்.