கண்ணில் போடும் ஊசி: விலை குறைந்தது போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது, பல வருடமாகச் சர்க்கரை நோய். இடது கண்ணில் விழித்திரை வீங்கியிருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஒரு ஊசிக்குக் கொஞ்சம்தான் செலவு, இன்னொன்று பல மடங்கு விலை. குறைந்ததைப் போட்டால் அம்மாவுக்குக் குறை வைத்த மாதிரி ஆகிவிடுமா டாக்டர்?
- வாசகி, தேனி

ஆகாது. அந்தக் குற்ற உணர்வு உங்களுக்கு வேண்டாம். ஆனால் ஒரு விவரம் கேட்டு வாருங்கள்: அந்தக் கண்ணில் இப்போது பார்வை எவ்வளவு? பதில் அதில்தான் இருக்கிறது.

இதே கேள்விக்காக அமெரிக்காவில் அரசுப் பணத்தில் 89 மையங்களில் 660 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2015-இல் முடிவு வந்தது. அவாஸ்டின், லுசென்டிஸ், ஐலியா என்ற பெயர்களில் நாம் அறிந்த மூன்று மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். மூன்றுமே ரத்தக் குழாய்களைக் கசியவைக்கும் ஒரு புரதத்தை அடக்குபவை, கசிவு குறைந்தால் வீக்கம் வடியும். பார்வை லேசாகத்தான் குறைந்திருந்தது (ஏறக்குறைய 6/12 வரை, அதாவது மற்றவர்கள் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கிற அளவு) என்றால், ஒரு வருடம் கழித்து மூன்றுக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை, கண் பரிசோதனை அட்டையில் முன்பைவிடச் சுமார் 8 எழுத்து கூடுதலாகப் படித்தார்கள். அதைவிட மோசமாக இருந்தவர்களிடம்தான் விலை கூடிய ஐலியா முந்தியது: 18.9 எழுத்து, லுசென்டிஸ் 14.2, விலை குறைந்த அவாஸ்டின் 11.8. அந்த ஆய்வின் அட்டையில் ஒரு வரிக்கு 5 எழுத்து, அதனால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

சரி, பார்வை மோசம், கையில் பணமும் இல்லை என்றால்? அவாஸ்டினில் தொடங்கி, போதிய முன்னேற்றம் இல்லாவிட்டால் ஐலியாவுக்கு மாறுவது என்ற வழியையும் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். இரண்டு வருட முடிவில், முதலிலிருந்தே ஐலியா போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அவாஸ்டினில் தொடங்கிய கண்களில் 70 சதவீதம் பிறகு மாற வேண்டிவந்தது, அதற்கும் மனதளவில் தயாராக இருங்கள்.

எனக்கு மருந்தின் பெயரைவிடப் பெரிய கவலை வேறு. 2015 ஆய்வில் முதல் வருடத்தில் 9, 10 ஊசி போட்டார்கள், நம் ஊரில் ஒன்றிரண்டு போட்டதும் "தெளிவாகிவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் வீக்கம் திரும்ப வருகிறது. உங்களால் ஒரு வருடம் தொடர்ந்து செலவழிக்க முடிகிற மருந்து எதுவோ, அதைப் பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அவாஸ்டின் என்றால், பெரிய குப்பியிலிருந்து சிறு ஊசிகளாக எங்கே பிரிக்கிறார்கள், சுத்தம் எப்படிப் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். கண்ணுக்குள் கிருமி புகுந்தால் பார்வையே போய்விடலாம்.

கேள்வி: எனக்கும் சர்க்கரை நோய். ஸ்கேனில் விழித்திரையின் நடுப்பகுதி வீக்கம் என்கிறார்கள், ஆனால் எனக்குக் கடைசி வரி வரை தெரிகிறது. உடனே ஊசி வேண்டுமா?
- வாசகர், நாகர்கோவில்

அவசியம் இல்லை. சர்க்கரையால் வந்த வீக்கம் இருந்தும் பார்வை நன்றாக இருந்த 702 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே ஐலியா, ஒரு குழுவுக்கு லேசர், ஒரு குழுவைக் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்வை இழந்தவர்கள் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்று மட்டும் கவனியுங்கள், கண்காணிப்பில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பார்வை குறைந்ததும் ஊசி தொடங்கினார்கள். கண்காணிப்பில் இருந்தவர்கள் குறித்த தேதியில் தவறாமல் பரிசோதனைக்கு வந்தவர்கள். அப்படி வர முடியாது என்றால் இந்த முடிவு உங்களுக்குப் பொருந்தாது, அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.
- வாசகி, கரூர்

கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நம் நாட்டில் இப்படிப்பட்ட ஆய்வு தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்ததா, புது மருந்து தராமல் ஒப்பிட்டுப் பார்க்கும் குழுவில் விழுந்தால் எனக்கு என்ன சிகிச்சை, பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரமும் வேண்டும். பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. இதற்கெல்லாம் நேராகப் பதில் வராவிட்டால் சேராதீர்கள்.