கேள்வி பதில்: இல்லாத ஒன்று காரணமாகுமா?

கேள்வி: எட்டாம் வகுப்பில், நரம்புகளையும் இதயத்தையும் தாக்கிக் கால்களைத் தளரவைக்கும் பெரிபெரி நோயைப் பற்றிப் பாடம் நடத்தியபோது, "தீட்டிய அரிசிதான் காரணம் என்றால், தினமும் வெள்ளைச் சோறு சாப்பிடும் எங்களுக்கு ஏன் அந்த நோய் வரவில்லை?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னால் நிறைவான பதில் சொல்ல முடியவில்லை. பல காரணங்கள் கூடி ஒன்று நிகழ்வதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்க வைப்பது?
– அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், கும்பகோணம்

பதில்: அந்த மாணவி கேட்டது தேர்ந்த மருத்துவர்களையே பல ஆண்டுகள் திணறடித்த கேள்வி. 1886-இல் டச்சு அரசு ஒரு குழுவைப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பியது. நோக்கம் பெரிபெரிக்கான கிருமியைக் கண்டுபிடிப்பது. கிருமிகளால் நோய் வருவதை நிறுவிய பாஸ்டரும் கோக்கும் கொடிகட்டிப் பறந்த காலம் அது. கிருமியைத் தேடியதில் வியப்பில்லை. குழு திரும்பிய பிறகும் அங்கேயே தங்கிவிட்ட கிறிஸ்டியான் ஐக்மன், தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். சில மாதங்களில் அவை தாமாகவே தேறிவிட்டன. விசாரித்ததில், இடைக்காலத்தில் ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்டதும், புதிதாக வந்த சமையற்காரர் ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்துவிட்டதும் தெரியவந்தன.

இவ்வளவு கண்ட ஐக்மன்கூட, சோற்றின் மாவுப்பொருளில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும் தவிடு அதை முறிப்பதாகவுமே நினைத்தார். உணவில் ஏதோ ஒன்று குறைவதால்தான் நோய் வருகிறது என்று 1901-இல் சொன்னவர், அவருக்குப் பின் அந்த ஆய்வைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ். திருடன் வந்தானா என்று தேடிப் பழகிய மனத்துக்கு, வரவேண்டியவர் வராததுதான் கேடு என்பது எளிதில் தோன்றுவதில்லை. உங்கள் வகுப்பிலும் முதல் தடை இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது தடை, கூடவே இருக்கும் எல்லாவற்றையும் காரணமாக எண்ணுவது. மலாயாவில் வெள்ளை அரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களிடையே பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடையே அது அரிது. ஆனால் இவ்விரு சாரார்க்கும் வேலை, குடியிருப்பு, பழக்கவழக்கம் என எல்லாமே வேறு. அரிசியை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்து நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொன்றிலும் தங்கவைத்தார். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. நோய்க்குக் கட்டடம்தான் காரணமோ என்ற ஐயம் எழாதிருக்க, நடுவில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார். நோய் கட்டடத்தோடு தங்கிவிடவில்லை. வெள்ளை அரிசியைத் தொடர்ந்தே போனது. அந்தப் பிரிவில் பலர் இறந்தனர். (இப்படியொரு சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.)

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். தவிட்டிலும் முளைப்பகுதியிலும் உள்ள தயமின் என்ற பி1 வைட்டமின், அரிசியைத் தீட்டும்போது போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அதில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுவதால் புழுங்கல் அரிசி காப்பாற்றுகிறது. பச்சரிசிச் சோறே சாப்பிட்டாலும் பருப்பு, வேர்க்கடலை, முட்டை, மீன் ஆகியவற்றிலிருந்து நமக்குத் தயமின் கிடைத்துவிடுகிறது. சோற்றைத் தவிர வேறெதுவும் போதிய அளவு கிடைக்காதவர்க்கே ஆபத்து. கடும் உழைப்பும் கர்ப்பமும் தேவையைக் கூட்டுகின்றன, மது உடல் அதை ஏற்பதைக் குறைக்கிறது. உடலில் உள்ள சேமிப்பு சில வாரங்களுக்குத் தாங்குவதால், இன்று உண்டதன் விளைவு நாளை தெரிவதுமில்லை. ஆக, தீட்டிய அரிசி ஒரு காரணம்தான். அது மட்டுமே போதுமான காரணம் அன்று.

அடுத்த வகுப்பில் இந்த விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். பிளெட்சரின் இரண்டு கட்டடங்களைக் கரும்பலகையில் வரைந்து, "கட்டடம் காரணமா, அரிசி காரணமா, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். ஆட்களை இடம் மாற்றிப் பார்க்கலாமே என்று ஒரு பிள்ளையாவது சொல்லும்வரை காத்திருங்கள். மணியடித்துவிட்டால் மறுநாள் தொடரலாம்.