ஆறு மாதம் நிற்கப்போகும் காருக்கு எந்த பேட்டரி சார்ஜர்?

கேள்வி இதுதான்: "மகள் வீட்டுக்கு வெளிநாடு போகிறோம். கார் சென்னையில் ஃப்ளாட்டின் கீழே ஆறு மாதம் நிற்கும். பேட்டரி இறங்காமல் இருக்க ஒரு ஆம்பியர் மெயின்டெய்னர் போதுமா, ஐந்து ஆம்பியர் சார்ஜர் வாங்க வேண்டுமா?"

மெயின்டெய்னர் என்பது நிறைந்த பேட்டரி இறங்காமல் மெல்ல ஊட்டிக்கொண்டிருக்கும் சின்ன சார்ஜர். ஆம்பியர் கணக்கு அப்புறம். முதலில் கீழே இறங்கிப் போய், உங்கள் கார் நிற்கிற இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் ப்ளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். சென்னையில் பாதிப் பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும். ஸ்டில்ட் பார்க்கிங்கில் இருப்பது பெரும்பாலும் மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரே ஒரு பாயிண்ட். அதுவும் பொது மீட்டரில் ஓடும். இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு எக்ஸ்டென்ஷன் போடுகிற யோசனை இருந்தால் இப்போதே கைவிட்டுவிடுங்கள். ஒரு அடைமழைக்குத் தாங்காது.

பாயிண்ட் இல்லையென்றால் உங்களுக்குத் தேவை பத்து நம்பர் ஸ்பேனர். பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்துவிட்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அது திரும்பப் போய் உரசாதபடி துணி சுற்றி ஒதுக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கடிகாரம், ரேடியோ ஸ்டேஷன்கள் எல்லாம் அழிந்துபோகும். சில கார்களில் பவர் விண்டோவை மறுபடி பழக்க வேண்டியிருக்கும். ரிமோட் வேலை செய்யாது, சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும். டிக்கியில் பேட்டரி உள்ள கார் என்றால் மட்டும் கவனம்: நெகட்டிவைக் கழற்றி டிக்கியைச் சாத்திவிட்டால், மின்சாரத்தில் திறக்கும் டிக்கி அப்புறம் திறக்காது. கழற்றி வைத்த பேட்டரியும் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும். ஆனாலும் நல்ல நிலையில் உள்ள பேட்டரி நாலைந்து மாதம் தாங்கும்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். அவருடைய சின்ன பெட்ரோல் கார் மடிப்பாக்கத்தில் என் காருக்குப் பக்கத்தில் நிற்கும். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். முதல் வருடம் கிளம்பும்போது, "வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி ஒரு பத்து நிமிஷம் ஓடவிடுடா, போதும்" என்றார். நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காபி டம்ளரோடு கீழே போய், வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியையும் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வருவேன். எட்டோ ஒன்பதோ வாரம் ஆனபோது செல்ஃப் எடுக்கவில்லை. டக் டக் டக் என்று சத்தம், டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன.

பேட்டரி கடையில் ஒரு இரவு சார்ஜில் போட்டார்கள். மறுநாள் கடைக்காரர் மல்டிமீட்டரை வைத்து எனக்கே காட்டினார். 10.5 வோல்ட். "ஒரு செல்லு படுத்துருச்சு சார். இனிமே எழுந்திரிக்காது." கார் பேட்டரிக்குள் ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும். அதில் சரியாக ஒரு செல் காணாமல் போயிருந்தது.

பத்து நிமிடம் ஏன் போதவில்லை என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன். பூட்டி நிற்கிற காரும் சும்மா இருப்பதில்லை. அலாரம், ரிமோட் ரிசீவர், கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். ஒரு வாரத்துக்கு 5 ஆம்பியர் ஹவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் ஹவர்). நின்ற இடத்தில் பத்து நிமிடம் உறுமவிட்டால், ஏசி தின்றது போகத் திரும்பி வருவது ஒன்றோ இரண்டோதான். ஆக, வாரா வாரம் நான் அதைச் சாகடித்துக்கொண்டிருந்தேன், காபி குடித்தபடி. அரை மணி நேரம் ஈசிஆர் பக்கம் ஓட்டிவிட்டு வந்திருந்தால் கதையே வேறு. மேற்படி 30 மில்லி ஆம்பியர், 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியிலிருந்து ஒரே மாதத்தில் 21க்கு மேல் எடுத்துவிடும். அதற்கு மேல் நம் ஊர் வெயில் வேறு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இறங்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் தகடுகளில் லெட் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். இறுகியது அப்புறம் எந்த சார்ஜருக்கும் முழுதாகக் கரைவதில்லை.

சரி, உங்களிடம் ப்ளக் பாயிண்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு ஆம்பியரா ஐந்தா என்றால், நிறைந்த பேட்டரியை நிறைந்தபடியே வைத்திருக்க ஒரு ஆம்பியர் தாராளம். காலியான 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியை அதை வைத்து நிரப்ப இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். நாலு, ஐந்து ஆம்பியர் சார்ஜர் அதையே ஒரு ராத்திரியில் முடித்துவிடும். ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று வண்டி எடுக்கவில்லை என்றால் உதவும் என்பதால் நான் ஐந்து ஆம்பியர் பக்கம். என்னிடம் இருப்பது சீடெக் எம்எக்ஸ்எஸ் 5.0. நோகோ ஜீனியஸ் 1, பாஷ் சி3 ஆகியவையும் இதே வேலைக்கானவைதான். பெயரைப் பார்த்து வாங்குவதைவிட, பேட்டரி நிறைந்த பிறகு சார்ஜர் என்ன செய்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஆறு மாதத்தில் முதல் நாள் போக மீதி நாளெல்லாம் அது செய்யப்போவது அந்த வேலையைத்தான்.

நல்ல சார்ஜர் 14.4 வோல்ட் வரை ஏற்றி நிரப்பிவிட்டு, பிறகு தானாக 13.2, 13.6 என்று இறங்கி அங்கேயே நிற்கும். ஃப்ளோட் என்பார்கள். சிலது இன்னும் நல்லபிள்ளை: ஒதுங்கிக்கொண்டு, வோல்ட் குறையும்போது மட்டும் மறுபடி கொஞ்சம் ஊட்டும். மோசமான சார்ஜர் 14.4, 14.7லேயே நாள் கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வற்றி, தகடு வெளியே தெரிந்து, ஆறு மாதம் கழித்து நீங்கள் திறக்கும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. இந்த வோல்ட் கணக்கெல்லாம் 25 டிகிரிக்குப் போட்டது. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். மே மாதம் நம் ஸ்டில்ட்டில் 37 டிகிரி என்றால் கால் வோல்ட் இறக்கம். வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட்டைக் குறைக்கும் வசதி உள்ளதா என்று அட்டைப்பெட்டியில் தேடுங்கள். இருந்தால் கூடுதலாகக் கொஞ்சம் காசு கொடுக்கலாம்.

சில சார்ஜர்களில் பனிப்பூ படம் போட்ட ஒரு மோட் இருக்கும். குளிர்காலத்துக்கும் ஏஜிஎம் பேட்டரிக்கும் (அமிலத்தைக் கண்ணாடி நார் விரிப்பில் ஊறவைத்த, மூடிய வகை) உரியது, வோல்ட் அதிகம். "சென்னை வெயிலுக்குக் கூல் மோட் நல்லதுதானே" என்று எங்கள் மாடிவீட்டு மாமா அதை அழுத்தி வைத்திருந்தார்! சாதாரணத் தண்ணீர் பேட்டரிக்கு அது வேண்டவே வேண்டாம். சிக்னலில் தானாக எஞ்சின் அணைகிற கார் என்றால் பேட்டரி மேல் ஏஜிஎம்மா, இஎஃப்பியா (தண்ணீர் பேட்டரியிலேயே உறுதியான வகை) என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு மோட் மாற்றுங்கள். லித்தியம் பேட்டரி மாட்டியவர்கள் லித்தியம் மோட் உள்ள சார்ஜர்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது கரண்ட் கட். சென்னைக்காரர்களுக்கு இது முக்கியம், எந்த விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். சில சார்ஜர்கள் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாகத் தொடங்காது. யாராவது போய் பட்டனை அழுத்த வேண்டும். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது யார் அழுத்துவது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. திரும்ப வந்ததும் என்னுடையது தானாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன் வைத்திருந்த மலிவு சார்ஜர் அப்படியில்லை. சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஆகவே எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்துவிடுங்கள். பச்சை விளக்கு வந்து ஒரு நாள் முழுக்க ஆன பிறகு பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 13.7க்குள் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இன்னும் 14.2க்கு மேல் காட்டினால் பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்புங்கள். இன்னொன்று, சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள், தானாக வேலையைத் தொடங்குகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

உறவுக்காரர் அமெரிக்காவிலிருந்து சார்ஜர் வாங்கி வந்தால், அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்காமல் மாட்டாதீர்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் சரி. வெறும் 120 வோல்ட் என்றிருந்தால் நம் 230இல் புகைதான் வரும். வீட்டு இன்வெர்ட்டரின் வயரை எடுத்து கார் பேட்டரியில் மாட்டலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். அது 150 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்குத் தீனி போடுகிற சாதனம். சின்ன பேட்டரிக்கு அந்த வேகம் ஆகாது.

மாட்டும்போது முதலில் சிவப்பு கிளிப்பை பாசிட்டிவில் கடிக்க வையுங்கள். கறுப்பை பேட்டரியிலிருந்து தள்ளி எஞ்சின் பக்கத்தில் பெயிண்ட் இல்லாத ஏதாவது போல்ட்டில். கடைசியில்தான் சுவிட்ச். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பேட்டரி பக்கத்தில் பொறி கூடாது என்பது ஒரு காரணம். புதிய கார்களில் நெகட்டிவ் முனையில் சென்சார் இருக்கும், கறுப்பை நேராக முனையில் மாட்டினால் அது கணக்குத் தப்பும் என்பது இன்னொன்று. ஆறு மாதத்துக்கு முதலை கிளிப்பை நம்ப வேண்டாம். சார்ஜரோடு ஃபியூஸ் வைத்த வளைய ஒயர் ஒன்று வரும், அதை முடுக்கி வைத்துவிடுங்கள். சார்ஜரைத் தரையில் வைக்காமல் சுவரில் ஆளுயரத்தில் தொங்கவிடுங்கள். எங்கள் ஏரியாவில் ஐப்பசி, கார்த்திகையில் ஸ்டில்ட்டுக்குள் தண்ணீர் வருவது புதிதில்லை. மழைக்காலம் முழுவதும் ஊரில் இருக்க மாட்டீர்கள், உங்கள் தெருவிலும் தண்ணீர் நிற்கும் என்றால், ப்ளக் இருந்தாலும் நான் ஸ்பேனர் வழியைத்தான் சொல்வேன். ஒரு சின்ன காரின் பேட்டரி விலைக்கு மேலேயே போகும் நல்ல சார்ஜர். அதை வெள்ளத்தில் விடுவானேன்?

அசோசியேஷனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐந்து வாட் இழுத்தாலும் மாதம் நாலு யூனிட்கூட வராது. நான் மாதம் நூறு ரூபாய் கொடுத்துவிடுகிறேன், செக்ரட்டரிக்கு வாய் அடைத்துவிட்டது. ஆனால் வாட்ச்மேனிடம் சொல்ல மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் சுவிட்ச் அணைந்திருந்தது. "ராத்திரி பூரா பச்ச லைட்டு எரியுது சார், வீணா கரண்ட் போவுதேன்னு நாந்தான் ஆஃப் பண்ணேன்" என்றார் பெருமையாக. இப்போது சுவிட்ச் மேல் கொட்டை எழுத்தில் காகிதம் ஒட்டியிருக்கிறேன். இரண்டு காருக்கும் அந்த ஒரே சார்ஜர்தான், ஒரு வாரம் அண்ணன் காருக்கு, ஒரு வாரம் என் காருக்கு.

திரும்பி வந்ததும் சுவிட்சை அணைத்த பிறகே ஒயரைக் கழற்றுங்கள். சாவியைத் திருப்புவதற்கு முன் பானெட்டுக்குள் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள். போன தடவை அண்ணன் வந்தபோது பேட்டரி 12.7 காட்டியது. ஏர் ஃபில்டர் டப்பா மேல் தேங்காய் நார், பாதி கடித்த சோப்பு, கந்தல் துணி எல்லாம் வைத்து ஒரு எலி குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது.